எழுத்துவழிச் செய்தியில் உணர்ச்சியும் படிப்போர் இயல்பும்

1. முன்னுரை

'பாத்துக்கலாம்' என்னும் ஒற்றைச் சொல் கைபேசித் திரையில் விடையாக வந்து நிற்கிறது எனக் கொள்வோம். கடனைத் திருப்பித் தருவது பற்றி ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் அனுப்பிய விடை அது. இதனைப் படிக்கும் ஒருவர், 'கவலை வேண்டா, ஏதேனும் வழி செய்துகொள்ளலாம்' என்னும் ஆறுதலாகக் கொள்ளக்கூடும். மற்றொருவர், 'இப்போது அதைப் பேச வேண்டா' என்னும் தட்டிக்கழிப்பாகக் கொள்ளக்கூடும். மூன்றாமவர், 'உன்னால் ஆனதைச் செய், நானும் பார்க்கிறேன்' என்னும் மிரட்டலாகக் கொள்ளக்கூடும். நேர்ப்பேச்சாயின் குரலின் ஏற்றமும் இறக்கமும் முகக்குறிப்பும் இம்மூன்றில் ஒன்றைத் தெரிந்து கொடுத்துவிடும். எழுத்தில் அத்தெரிவு படிப்பவரிடமே விடப்படுகிறது.

படிப்பவர் எதனைத் தெரிவார் என்பது அவருடைய இயல்பைப் பொறுத்தது என்னும் கருத்து அண்மைக்கால உளவியலிலும் மொழியியலிலும் வலுப்பெற்று வருகிறது. இயல்பு என்பது இங்கு ஆளுமைக் கூறுகளைக் குறிக்கும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்சப் உரையாடல் ஆகியவற்றை ஆராய்ந்தோர் இதற்குரிய சான்றுகளை வெவ்வேறு கோணங்களில் தந்துள்ளனர். அச்சான்றுகளுள் முதன்மையானவற்றை மதிப்பிட்டு, அவை தமிழ்ச் செய்திகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கணமும் உறவும் தீர்க்காமல் விட்ட இடத்திலேயே படிப்பவரின் இயல்பு புகுகிறது. அவ்விடம் மொழிக்கு மொழி வேறுபடும். ஆகவே அதனை அடையாளங் காண்பது மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை என்பது இதன் மையக் கருத்தாகும்.

2. ஆய்வுகள் காட்டுவன

எழுத்தில் உணர்ச்சி தவறாகப் படிக்கப்படுகிறது என்பதனை எண்ணளவில் காட்டிய ஆய்வுகளுள் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. சில கூற்றுகளை எள்ளலாகவும் சிலவற்றை மெய்யாகவும் அனுப்புமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர். ஒரு சாரார் மின்னஞ்சல் வழியாகவும் மற்றொரு சாரார் குரல் வழியாகவும் அனுப்பினர். பெறுபவர் தம் கருத்தைச் சரியாக உணர்ந்துகொள்வர் என இரு சாராரும் ஏறத்தாழ 78 விழுக்காட்டளவில் எதிர்பார்த்தனர். குரல்வழிச் செய்தியில் 73 விழுக்காடு சரியாக உணரப்பட்டது. மின்னஞ்சலில் உணரப்பட்டது 56 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினும் இது சிறிதே மேலானது. எழுதுபவர் தாம் எழுதும்போது தம் குரலைத் தம் மனத்துள் கேட்கிறார். படிப்பவருக்கு அக்குரல் கேட்பதில்லை என்பதனை அவர் மறந்துவிடுகிறார் என்பதே ஆய்வாளர் தந்த விளக்கம்.

கிறிஸ்டின் பைரன் 2008ஆம் ஆண்டில் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரை, பிழை நிகழும் திசையைச் சுட்டியது. மகிழ்ச்சியோடு எழுதப்பட்ட மின்னஞ்சல் நடுநிலையானதாகப் படிக்கப்படும். நடுநிலையாக எழுதப்பட்டது கடுமையானதாகப் படிக்கப்படும் என்பது அவர் கருத்து. சுருங்கக் கூறின், எழுத்தில் உவகை மழுங்குகிறது, வெறுமை கசக்கிறது.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள் எழுத்தின் மிகச் சிறிய கூறுகளை எடுத்துக்கொண்டன. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் குன்ராஜ், செலியா கிளின் முதலானோர் 126 மாணவர்களைக் கொண்டு முற்றுப்புள்ளியை ஆராய்ந்தனர். ஓர் அழைப்புக்கு ஒரே சொல்லில் விடை வருகிறது. அவ்விடையின் இறுதியில் முற்றுப்புள்ளி இருப்பின் அது உள்ளன்பு குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. அதே விடை கையால் எழுதிய சீட்டாக வந்தபோது இவ்வேறுபாடு தோன்றவில்லை. குறுஞ்செய்தியில் புள்ளி நிறுத்தக்குறியாக மட்டும் நில்லாமல் மனநிலையின் குறியாகவும் மாறிவிட்டது என்பது இதனால் புலனாகும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குவீன் ஆகிய இருவரின் ஆய்வே படிப்பவரின் ஆளுமையை நேரடியாக அளந்தது. வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்னும் விளம்பரத்துக்கு வந்த விடைகளாக அமைக்கப்பட்ட மின்னஞ்சல்களை 83 பேர் படித்தனர். சிலவற்றில் பிழை இல்லை; சிலவற்றில் தட்டச்சுப் பிழைகள் இருந்தன; சிலவற்றில் ஒலியொத்த சொற்களை மாற்றி எழுதும் இலக்கணப் பிழைகள் இருந்தன. எழுதியவரைப் பற்றிய மதிப்பீட்டைப் பதிவு செய்தபின், படித்தவர்களின் ஆளுமை அளக்கப்பட்டது. இருவகைப் பிழைகளும் எழுதியவரின் மதிப்பைக் குறைத்தன. அக்குறைவு படித்தவரின் வயதாலோ கல்வியாலோ மாறுபடவில்லை, ஆளுமையால் மாறுபட்டது. புறமுகப்பாங்கு உடையோர் பிழைகளைப் பொருட்படுத்தாது சென்றனர். அகமுகப்பாங்கு உடையோர் அவற்றின் பொருட்டு எழுதியவரைத் தாழ்த்தினர். இணக்கப் பண்பு குறைந்தோர் இலக்கணப் பிழையை மிகுதியாகக் கடிந்தனர். ஒரே மடலில் ஒருவர் நண்பரையும் மற்றொருவர் பொறுப்பற்றவரையும் கண்டனர் எனலாம்.

சொற்களின் இடத்தில் படங்களை வைத்தால் ஐயம் தீரும் என்னும் நம்பிக்கையும் சோதிக்கப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் எமோஜிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஒரே வடிவில் தோன்றும் ஒரே எமோஜியைக் கண்டவர்கள்கூட, அது நல்லுணர்வா, நடுநிலையா, தீயுணர்வா என்பதில் நான்கில் ஒரு முறை வேறுபட்டனர் என்று கண்டறியப்பட்டது.

3. ஆய்வுகளின் எல்லை

இவ்வாய்வுகளை ஒருங்கே வைத்து, 'ஆளுமையே உணர்ச்சியை வாசிக்கிறது' என்று முடிவு கட்டுவது எளிது. ஆயினும் ஒவ்வொன்றும் எதனை அளந்தது என்று உற்றுநோக்கின் அம்முடிவு விரைவுபட்டது என்பது விளங்கும். குரூகர் குழுவினர் எள்ளலை அளந்தனர். ஆளுமை அவர்தம் முதன்மை நோக்கமன்று. கிளின் குழுவினர் உள்ளன்பின் அளவைக் கேட்டனர். இன்ன உணர்ச்சி என்று கேட்கவில்லை. போலண்ட், குவீன் ஆகியோர் ஆளுமையை அளந்தனர். ஆயின் அவர்கள் கேட்டது எழுதியவர் எத்தகையவர் என்பதே, எழுதியவர் என்ன உணர்ந்தார் என்பதன்று. ஒருவரை மதிப்பிடுதலும் அவர்தம் உணர்ச்சியை அறிதலும் நெருங்கிய செயல்களேனும் ஒன்றல்ல. ஒருவர் சினந்திருக்கிறார் என்பதனை அறிந்தும் அவரை நல்லவராக மதிக்க இயலும்.

இரண்டாவது எல்லை அளவுகோலைப் பற்றியது. இன்று பெரிதும் வழங்கும் ஆளுமை அளவுகோல் ஐந்து கூறுகளைக் கொண்டது. அவை புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, புறமுகப்பாங்கு, இணக்கம், மனக்கலக்கப் பாங்கு என்பன. இவ்வைந்தின் வேர் அகராதியில் உள்ளது. மாந்தரிடையே முதன்மையான இயல்பு வேறுபாடுகள் மொழியில் சொல்லாகப் பதிந்திருக்கும் என்னும் கருதுகோளின்படி, கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் ஆகியோர் 1936ஆம் ஆண்டில் ஆங்கில அகராதி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் அவற்றைச் சுருக்கித் தொகுத்தனர். ஆகவே அளவுகோலின் கருவே ஒரு மொழியின் சொற்களஞ்சியமாகும்.

அவ்வளவுகோலைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் இடர்ப்பாடு மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்கு விளங்கும். 'மிகுதியாகப் பேசுபவர்' என்னும் கூறினைத் தமிழில் 'கலகலப்பானவர்' என்றால் புகழ்ச்சி. 'வாயாடி' என்றால் இகழ்ச்சி. 'குறைவாகப் பேசுபவர்' என்பதனை 'அமைதியானவர்' என்றால் நற்பண்பு. 'அழுத்தமானவர்' என்றால் மனத்தில் உள்ளதை மறைப்பவர் என்னும் குற்றச்சாட்டு. விடையளிப்பவர் தம்மை அளக்கும் முன்னரே சொல் அவரை அளந்துவிடுகிறது. அகமுகப்பாங்கு ஒரு மொழியில் குறையாகவும் மற்றொரு மொழியில் அடக்கமாகவும் கருதப்படுமாயின், அப்பாங்குடையோர் பிறர் செய்தியை எவ்வாறு படிக்கிறார் என்னும் ஆய்வு முடிவை மொழி கடந்து எடுத்துச் செல்வது எளிதன்று.

மூன்றாவது எல்லை மொழியியலாருக்கு மிகவும் உரியது. ஆய்வாளர் எடுத்துக்கொண்ட கூறுகள் ஆங்கில எழுத்தில் ஐயம் விளையும் இடங்களாகும். தமிழில் அதே இடத்தில் அதே ஐயம் விளையும் என்பதற்கு உறுதியில்லை. முற்றுப்புள்ளியை நோக்குக. ஓலைச்சுவடிகளில் இன்று நாம் அறியும் நிறுத்தக்குறிகள் இல்லை. அவை அச்சுக்கலையோடு மேலைநாட்டு வழக்கிலிருந்து தமிழுக்கு வந்தவை. அவை இன்றியும் தமிழ்த்தொடர் முடிவடைந்தது. 'வருகிறேன்' என்னும் வினைமுற்று வந்தவுடன் தொடர் இலக்கணத்தால் முற்றுப்பெறுகிறது. ஆகவே புள்ளியின் சுமை தமிழில் குறைவு. எழுத்துகளைப் பெரிதாக்கிக் கத்துதல் ஆங்கிலச் செய்தியில் நன்கறியப்பட்ட உத்தி. தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லை. ஒலியொத்த சொற்களை மயங்கி எழுதுதல் தமிழிலும் உண்டு. 'மனம்' 'மணம்' ஆவதும், 'கரை' 'கறை' ஆவதும் நாள்தோறும் காணப்படுவனவே. ஆனால் தமிழில் இம்மயக்கம் எழுதியவரின் வட்டாரத்தையும் கல்வி வாய்ப்பையும் சேர்த்துக் காட்டுவதால், அதனைக் கடிபவர் இணக்கம் குறைந்தவரா, சமூக ஏற்றத்தாழ்வை உள்வாங்கியவரா என்று பிரித்தறிதல் வேண்டும்.

4. இலக்கணம் அடைக்கும் இடமும் திறந்துவிடும் இடமும்

தமிழ், பேசுபவரின் மனப்பாங்கை இலக்கணத்தாலேயே குறிக்கும் வாய்ப்பு மிகுந்த மொழி. துணைவினைகளைப் பற்றி இ. அண்ணாமலை செய்த ஆய்வும், பேச்சுத் தமிழ் இலக்கணம் பற்றி ஹெரால்ட் ஷிஃப்மன் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இதனை விரிவாகக் காட்டுகின்றன. 'சொல்லு' என்பதற்கும் 'சொல்லித் தொலை' என்பதற்கும் செய்தியளவில் வேறுபாடில்லை. ஆயின் பின்னதில் உள்ள சலிப்பை எவ்வியல்பினரும் காண்பர். அது அன்பினால் வந்த சலிப்பா, வெறுப்பினால் வந்த சலிப்பா என்பதே எஞ்சும் ஐயம். 'படிச்சுக் கிழிச்சே' என்று வந்த செய்தியைப் பாராட்டு எனக் கொள்ளும் தமிழர் அரியர். ஆங்கிலத்தில் குரலின்றி அறிய இயலாத எள்ளல் இங்கே துணைவினையிலேயே அமைந்துவிடுகிறது. குரூகர் குழுவினரின் சோதனையை இத்தகைய தொடர்களைக் கொண்டு தமிழில் நிகழ்த்தினால் 56 விழுக்காடு என்னும் எண் வெகுவாக உயரும் என எதிர்பார்க்கலாம்.

மதிப்பு ஈறும் அவ்வாறே. 'சரி' என்பதனை விட 'சரிங்க' என்பது ஐயத்தைக் குறைக்கிறது. வேண்டியவர் வேண்டாதவர் என்பது தெரியாவிடினும், எழுதியவர் வரம்பு கடக்கவில்லை என்பது தெரிகிறது. மனக்கலக்கம் மிகுந்த ஒருவர்கூட 'சரிங்க' என்பதில் சினத்தைக் காண்பது அரிது.

இனித் தமிழ் இலக்கணம் திறந்துவிடும் இடங்களை நோக்கலாம். முதலாவது, எழுவாயைச் சுட்டாத வடிவங்கள். மேற்கண்ட 'பாத்துக்கலாம்' என்பதில் உள்ள 'லாம்' ஈறு இடத்தையும் எண்ணையும் காட்டுவதில்லை. பார்த்துக்கொள்பவர் நானா, நீயா, நாம் இருவருமா என்பது சொல்லில் இல்லை. 'நாம்' என்று நிரப்பினால் ஆறுதல். 'நான் உன்னை' என்று நிரப்பினால் மிரட்டல். 'சாப்பிட்டாச்சா', 'வந்தாச்சா' போன்றவையும் இத்தகையனவே. 'நீ', 'நீங்கள்' என்னும் தெரிவைத் தவிர்க்க விரும்புவோர் இவ்வடிவத்தைக் கையாளுவர். நெருக்கத்தால் தவிர்த்தாரா, தயக்கத்தால் தவிர்த்தாரா, மதிப்புத் தர மனமின்றித் தவிர்த்தாரா என்பது படிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியதாகிறது.

இரண்டாவது, இடைச்சொற்கள். ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் உண்டெனத் தொல்காப்பியம் இடையியல் கூறுகிறது. தெளிவுப்பொருளில் வரும் ஏகாரமும் சிறப்புப்பொருளில் வரும் ஓகாரமும் ஓசை நீண்டு ஒலிக்கும் என்றும் அது குறிப்பிடுகிறது. வரிவடிவில் ஒன்றாகவே தோன்றும் இடைச்சொல்லை ஓசையால் வேறுபடுத்தும் நுட்பம் அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. 'நீங்களோ ரொம்ப வேலையா இருக்கீங்க' என்னும் செய்தியில் ஓகாரம் ஏக்கத்தைக் குறிக்கிறதா, குத்தலைக் குறிக்கிறதா என்பது அதன் ஓசையில் உள்ளது. ஓசையோ செய்தியில் இல்லை. இளைஞர்கள் 'வாாா', 'சரீஈஈ' என்று எழுத்தை நீட்டி எழுதுவதனை மொழிச்சிதைவு எனப் பழிப்போர் உளர். இழந்த ஓசையை வரிவடிவில் மீட்கும் முயற்சியாக அதனைக் கொள்வதே பொருத்தம். 

மூன்றாவது, இரட்டை வழக்கு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் தமிழில், எந்த வழக்கில் எழுதுவது என்னும் தெரிவே உணர்ச்சியின் குறியாகிறது. நாள்தோறும் 'வந்துட்டேன்' என்று எழுதும் மகன் ஒரு நாள் 'வந்துவிட்டேன்' என்று எழுதினால் தாய் துணுக்குறக்கூடும். இரவு நெடுநேரமாகியும் வீடு திரும்பாத கணவருக்கு 'தாங்கள் எப்போது எழுந்தருளுவதாக உத்தேசம்?' என்று மனைவி அனுப்பும் செய்தி விளையாட்டாகவும் இருக்கலாம். விளையாட்டின் எல்லை கடந்த சினமாகவும் இருக்கலாம். இலக்கணப்படி அத்தொடர் உயர்ந்த மதிப்பைக் காட்டுகிறது, பொருளோ நேர்மாறானது. இங்கே மதிப்பு மிகுதலே ஐயத்தை விளைவிக்கிறது.

நான்காவது, 'ம்', 'சரி' முதலான தனிச்சொல் விடைகள். ஒரு 'ம்' உடன்பாடு. இரண்டு 'ம்' கேட்டுக்கொண்டிருத்தல். மூன்று 'ம்' ஆழ்ந்த எண்ணம் என்று சிலர் தமக்குள் வரையறுத்துக்கொள்கின்றனர். மற்றவர் அவ்வாறு வரையறுப்பதில்லை. பொது மரபு உருவாகாத இவ்விடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் மரபைப் பொது மரபெனக் கொள்வதனால் பூசல் விளைகிறது.

5. உறவின் இடம்

இலக்கணம் திறந்துவிட்ட இடத்தை முதலில் நிரப்புவது ஆளுமை அன்று, உறவே என்னும் மறுப்பு எழலாம். அது வலிமையான மறுப்பே. தாய் அனுப்பும் 'சாப்பிட்டாச்சா' என்பதில் எவ்வியல்பு உடைய மகளும் அன்பையே காண்பாள். புதிதாக மணமான பெண்ணுக்கு மாமியார் அனுப்பும் 'சாப்பிட்டாச்சா' என்பதில்தான் இயல்பு வேலை செய்யத் தொடங்குகிறது. பிறரை எளிதில் நம்பும் பெண் அதில் கனிவைக் காண்பாள். அஞ்சும் இயல்புடையவள், சமையல் முடிந்ததா என்னும் மேற்பார்வையைக் காண்பாள். சொல் ஒன்றே, உறவின் வரலாறு இன்னும் எழுதப்படாமையால் இயல்பு அங்கே புகுகிறது.

ஆயினும் நெடிய உறவு இயல்பை முற்றிலும் விலக்கிவிடும் எனக் கூறுவதற்கில்லை. புறக்கணிப்புக்கு எளிதில் உள்ளாவோம் என அஞ்சுவோர், தம் துணைவரின் தெளிவற்ற செயல்களிலும் புறக்கணிப்பையே காண்கின்றனர் என்று ஜெரால்டின் டவுனி, ஸ்காட் ஃபெல்ட்மன் ஆகியோர் 1996ஆம் ஆண்டில் காட்டினர். நெருங்கிய உறவிலும் ஐயத்துக்குரிய இடம் எஞ்சும் என்பதும், அவ்விடத்தை இயல்பே ஆளும் என்பதும் இதனால் பெறப்படும். எனவே படித்தலை மூன்று படிகளாகக் கொள்ளலாம். இலக்கணம் சில வாசிப்புகளை விலக்குகிறது. உறவும் சூழலும் மேலும் சிலவற்றை விலக்குகின்றன. எஞ்சிய வாசிப்புகளுள் ஒன்றை இயல்பு தெரிகிறது. முதலிரு படிகளையும் கருதாது மூன்றாவதை மட்டும் அளப்பது, கரையை விட்டுவிட்டு நீரை அளப்பது போன்றதாகும். இது சோதித்தறிதற்குரிய கருதுகோள். அச்சோதனைக்குரிய தரவு தமிழில் குறைவின்றி உண்டு.

இம்மூன்று படிகளையும் மெய்ப்பாட்டியலோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளையும் கூறும் தொல்காப்பியம், ஒவ்வொன்றுக்கும் நான்கு களன்களை வகுக்கிறது. வெறும் முகக்குறிப்பைக் கொண்டு மெய்ப்பாட்டை அறிய அது பணிக்கவில்லை. எதனால் விளைந்தது என்னும் காரணத்தையும் உடன்வைக்கிறது. அவ்வியலின் இறுதி நூற்பா மேலும் ஒரு படி செல்கிறது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் உணர்வுடையார்க்கு அல்லாமல் ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருளை வரையறுத்தல் அரிது என்பது அதன் கருத்து. உணர்ச்சியை அறிதல் காண்பவரின் தகுதியைப் பொறுத்தது என்னும் கொள்கை இங்கே தெளிவாக உள்ளது. இன்றைய செய்தியில் கண்ணுக்கு முகமும் இல்லை. செவிக்கு ஓசையும் இல்லை. பல நேரங்களில் களனும் மறைந்திருக்கிறது. நூற்பா கேட்கும் உணர்வுடைமை ஒன்றே எஞ்சுகிறது. இயல்பின் பங்கு இன்று பெருகியிருப்பது அதனாலேயே.

6. மொழிபெயர்ப்பாளர் என்னும் அயலார்

செய்தியைப் படிப்போருள் உறவு எதுவும் இல்லாதவர் ஒருவர் உண்டு, அவர் மொழிபெயர்ப்பாளர். எழுதியவரையும் பெற்றவரையும் அவர் அறியார். இரண்டாம் படி அவருக்கு இல்லை. ஆகவே மூன்றாம் படியின் ஆட்சி அவரிடத்தில் மிகுதி. இது கோட்பாட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான விதி 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வாயிலாக இந்தியச் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அதற்குரிய பிரிவு உள்ளது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்கினும், உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறுதல் வேண்டும் என்பது அரசமைப்பின் 348ஆம் உறுப்பு வகுத்த பொது நெறி. ஆகவே தமிழ்ச் செய்திகள் அடங்கிய வழக்கு மேலே செல்லும்தோறும் அச்செய்திகள் மொழிபெயர்க்கப்படுகின்றன. மணமுறிவு வழக்கிலும், பணியிடத் துன்புறுத்தல் வழக்கிலும், குற்றமுறு மிரட்டல் வழக்கிலும் ஒரு சொல்லின் உணர்ச்சி வழக்கின் போக்கையே மாற்ற வல்லது.

'வந்து பாரு' என்னும் செய்தியைக் கொள்வோம். அது நோயுற்ற உறவினரைக் காண வருமாறு அழைக்கும் அழைப்பாகலாம்; துணிவிருந்தால் வா என்னும் அறைகூவலாகலாம். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே தொடர் பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ஐயுறும் இயல்புடையவர் அறைகூவலைத் தெரிவார். இணக்க இயல்புடையவர் அழைப்பைத் தெரிவார். நீதிபதியின் மேசைக்குச் செல்வது அவர் தெரிந்தது மட்டுமே. மூலத்தில் ஐயம் இருந்தது என்பதே மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது. மொழிபெயர்ப்பாளர் தவறு செய்தார் என்று கூறவும் இயலாது. இரண்டுமே மூலத்துக்குப் பொருந்துவன. பிழையற்ற மொழிபெயர்ப்பும் நீதிக்கு ஊறாக அமையக்கூடும் என்பதே இங்குள்ள சிக்கல்.

இயந்திர மொழிபெயர்ப்பு இயல்பற்றதாகையால் நடுநிலையானது என்று கருதுவதும் பொருந்தாது. வழக்கில் மிகுதியாகக் காணப்படும் வாசிப்பை நோக்கி அது சாய்கிறது. ஐயத்தை அறிவிக்காமல் ஒரே விடையைத் தருவது அதன் பொது வழக்கம். ஐயத்தை மறைப்பதில் அது மனிதரினும் உறுதியாக நடந்துகொள்கிறது.

எமோஜிகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. கூப்பிய கைகளின் படம் தமிழ்ச் செய்திகளில் வணக்கம், நன்றி, மன்றாட்டு ஆகியவற்றோடு 'போதும், ஆளை விடுங்கள்' என்னும் சலிப்பையும் குறிக்கும். அதனை 'வேண்டுகிறேன்' என்றோ 'நன்றி' என்றோ சொல்லாகப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத உறுதியைச் சேர்த்துவிடுகிறார்.

இவற்றை மனத்திற்கொண்டு சில நெறிகளைப் பரிந்துரைக்கலாம். செய்தியை மொழிபெயர்க்கும் முன், அதில் உள்ள மதிப்பு ஈறு, விளி, துணைவினை, இடைச்சொல் ஆகியவற்றைத் தனியே குறித்தல் வேண்டும். இலக்கணம் உறுதிப்படுத்தும் மனப்பாங்கு இது, உறுதிப்படுத்தாதது இது என்று பிரித்துக் காட்டுதல் வேண்டும். உறுதிப்படாத இடத்தில் பொருந்தக்கூடிய வாசிப்புகள் அனைத்தையும் தருதல் வேண்டும். உறவின் வரலாறு தெரியும்பொருட்டு முன்னும் பின்னும் உள்ள செய்திகளை விடாது சேர்த்தல் வேண்டும். படக்குறிகளைச் சொல்லாக மாற்றாது, அவற்றின் வடிவத்தை விவரித்தல் வேண்டும். வழக்கின் முடிவு ஒரு சொல்லைச் சார்ந்து நிற்குமாயின், ஒருவர் மொழிபெயர்ப்பை மற்றவர் காணாதவாறு இருவரைக் கொண்டு பெயர்த்தல் வேண்டும். இருவரும் வேறுபடும் இடமே இயல்பு புகுந்த இடமாகும். அவ்வேறுபாட்டைத் தீர்த்து மறைக்காது நீதிமன்றத்துக்குக் காட்டுவதே முறை.

7. முடிவுரை

எழுத்துவழிச் செய்தியின் உணர்ச்சியைப் படிப்பவரின் இயல்பு வடிவமைக்கிறது என்னும் கூற்று உண்மையே. ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஆங்கிலச் செய்திகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் இயல்பின் ஆற்றலைக் காட்டின; அவ்வாற்றல் எங்கே செயற்படும் என்பதனை அந்தந்த மொழியின் இலக்கணமே காட்ட வல்லது. துணைவினையாலும் மதிப்பு ஈற்றாலும் மனப்பாங்கைக் குறிக்கும் தமிழில் அது செயற்படும் களம் சில இடங்களில் குறுகுகிறது. எழுவாயைச் சுட்டாத வடிவங்களிலும், ஓசை இழந்த இடைச்சொற்களிலும், வழக்கு மாற்றத்திலும், தனிச்சொல் விடைகளிலும் அக்களம் விரிகிறது.

ஆய்வாளர்க்கு உரிய பணி இவ்விடங்களைத் தொகுத்து, தமிழ் பேசுவோரிடம் தமிழ்ச் செய்திகளைக் கொண்டே சோதிப்பதாகும்; ஆங்கிலச் சோதனைத் தொடர்களைப் பெயர்த்துச் சோதிப்பது பயன் தராது. மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய பணியோ இதனினும் அரியது. 'பாத்துக்கலாம்' என்பதனைப் படித்தவுடன் ஒரு பொருள் ஐயத்துக்கிடமின்றித் தோன்றுமாயின், அப்பொருள் சொல்லிலிருந்து வந்ததா, தம்மிடமிருந்து வந்ததா என்று அவர் ஒருமுறை நின்று வினவுதல் வேண்டும். அச்சொல்லை எழுதியவர் கடன் கேட்டவருக்கு ஆறுதல் சொன்னவரா, அவரை மிரட்டியவரா என்பது அவ்வினாவைப் பொறுத்து அமையக்கூடும்.